ஈரம் படாத தரை

...மாத்திரையை நிறுத்தவில்லை, காலையில்கூட விழுங்கிவிட்டுத்தான் வந்தேன் என்று பல் டாக்டரம்மாவிடம் சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க இதயத்துக்குக் கொடுக்கிற இதே மாத்திரைதான் இவருக்கும், என் வீட்டுக்காரருக்கு, பல் பிடுங்கப்போவதற்கு ஒரு வாரம் முன்பே யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டார், ஏங்க இப்படி என்றதற்கு, "குழாயைக் கழட்டறதுக்கு முன்னாடி மெயின் வால்வை மூடணுமா வேண்டாமா, நீயே சொல்லு" என்றார், பிளம்பரிடம் நான் என்னத்தைச் சொல்ல... எத்தனை வீட்டுக் குளியலறைகள், எங்கேயும் ஒரு சொட்டு சிந்தவிட்டதில்லை அந்த மனுஷன், முழங்காலுக்கடியில் விரிக்கிற சாக்கைக்கூட எங்கள் வீட்டிலிருந்தே கொண்டுபோவார், அந்த வீட்டம்மா துணியோடு வந்து நின்றால், "நீங்க போங்கம்மா, நான் சிந்தினா நான் துடைப்பேன்" என்பார், அப்படியொரு கை, அப்படியொரு மரியாதை, அதைத்தானே இந்த டாக்டரம்மாவுக்கும் செய்தார், அந்த வெள்ளைக் கோட்டில் ரத்தம் பட்டுவிடக் கூடாதே என்று. மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா என்று இவங்க கேட்காமலா இருந்தாங்க, "இப்ப இல்லீங்க" என்றார், பொய்யும் இல்லை... பல் வந்தது, ரத்தம் வந்ததே தெரியவில்லை, பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்து, பாத்தியா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாரே, கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு பெருமை இல்லை. மறுநாள் வேலைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார், மூளைக்குப் போகிற வழியில் ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டது என்றார்கள், திரும்பி வரவில்லை... அடைப்பென்றால் தெருவே கூப்பிடுகிற ஆளுக்கு.

"வாயை நல்லாத் திறங்கம்மா." திறக்கிறேன், பல் போய்விட்டது, ரத்தம்தான் நிற்கவே மாட்டேன் என்கிறது, ஒரு பஞ்சு, இன்னொரு பஞ்சு, டாக்டரம்மாவின் கையுறையெல்லாம் சிவப்பு, மன்னிச்சுக்குங்க என்று வாய்க்குள்ளேயே குழறுகிறேன், "எதுக்கு? வரட்டும். நிறுத்தத்தானே நான் படிச்சிருக்கேன், பேசாம கடிங்க" என்று தையல் போட ஊசியை எடுக்கிறார், முகத்தில் சலிப்பே இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் சந்தோஷம்கூட... அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்துவிட்டு நிமிரும்போது என் வீட்டுக்காரர் முகத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன், தான் சிந்தியதைத் துடைக்கிற அந்தச் சந்தோஷத்தை ஒருமுறை மற்றவருக்கு விட்டிருக்கலாமே, எனக்காவது... கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா?