ஷூ காணாமல் போன கதை

பெல்ஜியத்திலிருந்து லவினா திரும்பி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் தொம்மலூரில் அவள் ஷூ தொலைத்த கதை தெரியாத வீடு இல்லை. பேக்கரிக்காரருக்குக்கூடத் தெரியும். காரா பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, ஷூ கிடைத்ததா என்று விசாரிப்பார். லவினாவும் சளைக்காமல், தபாலில் வந்துகொண்டிருக்கிறது என்பாள். அவர் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தப்பு அவளுடையதுதான். கல்லூரி உதவித்தொகையில் ஒரு செமஸ்டர் படிக்கப் போனவள், வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் ஏதாவது ஒரு கூத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். போன புதிதில் ஒரே ஒரு முறை அழுதாள். அம்மா பிரிஜெட் அன்று சோற்றைத் தொடவில்லை, மறுநாள் பிரஷர் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. அதோடு லவினா அழுகைக் கடையை மூடிவிட்டாள்.

கூத்துக்கும் பஞ்சமில்லை. கேன்டீனில் பரிமாறுகிற பெண்மணி சோறு வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியிருக்கிறாள். வேண்டாம் என்கிறாளாக்கும் என்று அந்தம்மா கரண்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். வாய் திறந்து சொல்லக் கூச்சப்பட்ட நம் பெண், வெறும் ரொட்டியைத் தின்றே பல நாள் ஓட்டினாள். பக்கத்து அறைப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்டது இன்னொரு கூத்து. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அந்தப் பெண் ஒரு நாள் கதவைத் தட்டி, தனக்கு உணவு சம்பந்தமான நோய் எதுவும் கிடையாது, தன்னைக் கண்காணிக்கத் தேவையில்லை என்று ரொம்ப மரியாதையாக விளக்கிவிட்டுப் போனாள். கேட்பவர்கள் இங்கே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதற்குப் பிறகு லவினா யாரையும் அப்படிக் கேட்கவில்லை, அவளையும் யாரும் கேட்கவில்லை என்பது கதையில் வராது.

இப்போது அவள் படித்த அந்தப் பல்கலைக்கழகமே இரண்டு வருட மேற்படிப்புக்கு இடமும் கொடுத்து, உதவித்தொகையும் தருகிறேன் என்கிறது. அப்பா ரெமிஜியஸுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூட லேபில் சோதனைக்குழாய் கழுவிக் கழுவியே பாதி ஆயுளைக் கழித்த மனிதர். மகள் அங்கே எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதற்கு ஊரே சாட்சி இருக்க, வேறு யோசனை அவருக்கு ஏன் வரப்போகிறது? லவினாவோ அந்த ஊர்ப் பெயர் வந்தாலே வேறு வேலை இருப்பது போல எழுந்து போய்விடுவாள். போக மாட்டேன் என்று சொல்ல இரண்டு மூன்று தடவை அவர் எதிரில் போய் நின்றாள். அவள் வாயைத் திறந்ததுமே அவர் முகம் சிரிப்புக்குத் தயாராகிவிடும். அவளும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தவணை முடிந்தது. அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபமாலை சொல்வது வழக்கம். எந்தக் கருத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் முதலில் சொல்வார். மகளின் பயணத்தைத்தான் ரெமிஜியஸ் சொல்லப்போகிறார். இத்தனை பேர் முழங்காலில் நின்று வேண்டிக்கொண்ட காரியத்தைப் பிறகு வேண்டாம் என்று சொல்வது அந்த வீட்டில் நடக்காது. மாதாவிடமே பேசி முடித்ததை மாற்றுவது போல ஆகிவிடும். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும்.

கூடம் நிரம்பிவிட்டது. ஜெபத்தை நடத்த வேண்டிய உபதேசியார் அய்யாவு மட்டும் வரவில்லை. டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன், நகர்ந்தால் வருகிறேன் என்று போன் செய்தார். அப்பாவைத் தனியாகக் கூப்பிட இதுதான் சமயம் என்று லவினா எழுந்தாள். எழுந்தவளைப் பார்த்ததும், அவர் வரும்வரை அந்த ஷூ கதையைச் சொல்லச் சொல்லிக் கூடமே கேட்டது. ரெமிஜியஸ் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் சொன்னாள். சிவாஜிநகர் மாதா கோயிலானாலும் சரி, எந்தக் கோயிலானாலும் சரி, செருப்போடு உள்ளே போனால் அம்மா காலை உடைத்துவிடுவாள் என்று ஆரம்பித்தாள். அந்தப் பழக்கத்தில் பெல்ஜியக் கோயில் வாசலிலும் ஷூவைக் கழற்றி, அங்கிருந்த ஒரு மரப்பெட்டிக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டுப் பூசைக்குள் போனாள். ஏழைகளுக்குப் பழைய துணிமணி போடுகிற பெட்டி அது. பூசை முடிந்து வந்து பார்த்தால் பெட்டியும் இல்லை, ஷூவும் இல்லை. வண்டி வந்து தர்மத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெளியே மழை. பஸ்ஸில் அவளுடைய ஈர சாக்ஸைப் பார்த்த ஒரு கிழவர், பாவம் அகதி போலிருக்கிறது என்று எழுந்து இடம் கொடுத்தார். அவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அவள் நடித்துக் காட்டியபோது பிரிஜெட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ரெமிஜியஸ் தொடையைத் தட்டினார்.

டோரதி ஆன்ட்டி மட்டும் பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டாள். அடுத்த சந்துக்காரி. ஒரே மகன் ஜாய்சன் அயர்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறான். லவினா டீ எடுத்து வரச் சமையலறைக்குப் போனதும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"ஜாய்சன் போன் பண்ணாலும் இப்படித்தாம்மா, சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிக்கும். நீ சொல்றப்போ அவனே பேசற மாதிரி இருந்துச்சு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னிக்கு ஷூ இல்லாம ரூமுக்குப் போனியே, போயி யார்கிட்டம்மா சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல ஆன்ட்டி."

"அவனும் அப்படித்தான் இருக்கானா?"

இல்லை, அவனுக்கென்ன, கலகலப்பான பையன் என்று சொல்லியிருக்கலாம். பொருத்தமாக ஒரு வேடிக்கையும் நாக்கு நுனியில் இருந்தது. டோரதியின் முகத்தைப் பார்த்தபோது லவினாவுக்கு அது வெளியே வரவில்லை.

"நான் பக்தியில கோயிலுக்குப் போகல ஆன்ட்டி. பூசையில சமாதானம் சொல்றப்போ நம்ம இங்க கும்பிடுவோம். அங்க பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கை குடுப்பாங்க. வாரம் பூரா என்னைத் தொட்டது அந்தக் கைங்க மட்டும்தான். அதுக்காகவே ஒரே நாள்ல ரெண்டு பூசைக்குப் போவேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் கட்டிக்காத்ததைப் போயும் போயும் கேஸ் அடுப்புப் பக்கத்தில் நின்று கொட்டிவிட்டோமே என்றிருந்தது. டோரதி அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டாள். காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"மம்மி, இன்னிக்கு ஒரு காமெடி ஆச்சு," என்று ஜாய்சன் உற்சாகமாக ஆரம்பித்தான்.

"காமெடி இருக்கட்டும்டா. நீ அங்க யாரு கூடடா பேசற?"

 லைன் போய்விட்டதோ என்று டோரதி போனைத் திருப்பிப் பார்த்தாள். "சும்மா ஏம்மா இதெல்லாம் கேக்கற," என்றான் கடைசியில்.  இருபத்தைந்து வயதுப் பையன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கூடம்வரை கேட்டது.  டோரதி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுடா, அழு, நான் இருக்கேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வரவும், உபதேசியார் ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ரெமிஜியஸ் டோரதிக்கு ஆறுதல் சொன்னார்.

"விடுங்கக்கா. பையனுக்கு மனசு கொஞ்சம் மெலிசு, பழகிடுவான். எல்லாரும் நம்ம லவினா மாதிரி இருப்பாங்களா? இவளை எங்க கொண்டுபோய் விட்டாலும் ஜாலியா இருப்பா."

பெருமை அவர் முகமெல்லாம் வழிந்தது. டோரதி தலையை நிமிர்த்தி, பின்னாலேயே கூடத்துக்கு வந்த லவினாவைப் பார்த்தாள். உபதேசியார் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரின் கருத்து என்ன என்று கேட்டார். எல்லோரும் முழங்காலிட்டார்கள். ரெமிஜியஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் போகலப்பா," என்றாள் லவினா.

நடுக்கூடத்தில் டீத் தட்டோடு அவள் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். முழங்காலில் இருந்தபடியே ரெமிஜியஸ் திரும்பி அவளை அண்ணாந்து பார்த்தார். அவர் உதடுகள் அதற்குள் சிரிப்புக்கு விரிந்துவிட்டன. அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று ஆசையோடு காத்திருந்தார். அவளிடம் அடுத்தது ஒன்றும் இல்லை.