பத்து மீட்டருக்குள் ஒரு புளுகு

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். டேங்கில் குழாயை விட்டு வாயால் டீசல் இழுத்தே நுரையீரல் நாலும்* முறுக்கேறியவன். "மூணாவது மாடியில நின்னே வாளித் தண்ணியை உறிஞ்சிடுவேன்" என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டேன்.

"நாளைக்கு என் வகுப்புக்கு வந்து உறிஞ்சுண்ணா" என்றாள்.

அவள் உயிரியல் ஆசிரியை. இயற்பியல் ஆசிரியர் விலகியதும் அந்தப் பாடமும் அவள் தலையில் விழுந்தது. விழுந்ததை இப்போது விட மனசில்லை. மறுநாள் தலைமை ஆசிரியை வந்து பார்ப்பார். பிள்ளைகளுக்குப் புரியாவிட்டால் இயற்பியல் வேறு ஆளுக்கு.

(*இரண்டுதான். தங்கை திருத்தியது.)

2

'தண்ணீர் மின்னலாய் மூன்றாம் மாடிக்குப் பாய்ந்து, என் மீசையை நனைத்து—'

வேண்டாம். நடந்தது இது: மாடிப்படி உச்சியில் நான், கீழே சிவப்புத் தண்ணீர் வாளி, நடுவே கண்ணாடிபோன்ற குழாய், படிக்கொரு பிள்ளை. கண் பிதுங்க இழுத்தேன். ஓர் ஆள் உயரம் ஏறி நின்றுவிட்டது.

"தம் கட்டுங்க தாத்தா!"

ஒரே சிரிப்பு. தலைமை ஆசிரியை ஏதோ குறித்துக்கொண்டார். தங்கையின் பாடத்தில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

அவளோ அசரவில்லை. "உறிஞ்சித் தண்ணியை யாராலும் இழுக்க முடியாது. எங்கண்ணன் நெஞ்சை விரிச்சுக் குழாய்ல காத்தழுத்தத்தைக் குறைச்சாரு, அவ்வளவுதான். வாளிமேல வெளிக்காத்து அமுக்குதே, அதுதான் ஏத்திவிடுது."

"பெரிய மோட்டார் வச்சு உறிஞ்சினா மிஸ்?"

"குழாய்ல காத்தே இல்லாமப் பண்ணினாலும் பத்து மீட்டர்தான். வெளிக்காத்தோட தெம்பு அவ்வளவுதான்."

3

இந்தக் கதையின் வரைவைப் படித்த தங்கை மின்னல் வரியைச் சுழித்தாள். "மூணாவது மாடி பன்னெண்டு மீட்டர்ணா. எவ்வளவு வேணா புளுகு, பத்து மீட்டருக்குள்ள புளுகு."

4

கடைசிப் படியில், வாயே திறக்காத ஒரு பெண் கை தூக்கினாள். "வெளியே நிக்கற மரம் இருபது மீட்டர் இருக்கே மிஸ். அது எப்படிக் குடிக்குது?"

தலைமை ஆசிரியையின் பேனா நின்றது.

(இங்கே தங்கையைத் திணறவிட்டால் கதை சூடுபிடிக்கும். மனசு வரவில்லை. அவள் முகம் மலர்ந்ததுதான் உண்மை. கேள்வி அவள் பேட்டைக்கே வந்து மாட்டிக்கொண்டதே!)

"மரத்துக்குள்ள தலைமுடியைவிட மெல்லிசான குழாய்ங்க. அதுல தண்ணி ஒண்ணையொண்ணு விடாமப் பிடிச்சு வரிசை கட்டி நிக்குது. உச்சி இலைல கொஞ்சம் ஆவியாப் போனா, பின்னாடி இருக்கறதை இழுத்துக்கும். அந்த இழுப்பு வேர் வரைக்கும் போகும், வெளிக்காத்தை நம்பி இல்ல."

மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை.

அப்புறம் தலைமை ஆசிரியை எழுந்தார். குறிப்பேட்டைப் படியில் வைத்துவிட்டு என்னிடம் ஏறி வந்தார். குழாய் நுனியைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார்.

"தள்ளுங்க சார், நான் ஒரு தடவை பாக்கறேன்."

எவ்வளவு உயரம் ஏற்றினார்? நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள். பத்து மீட்டருக்குள்.