செகண்ட் ஷோவுக்கு வந்துடு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவரும் உள்ளே வரலாம், கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. ஒரு கதை சொல்கிறேன். சண்டை கிடையாது, கொலை கிடையாது. ஒரு தாயும் மகளும் கடல் தாண்டிப் பழைய படம் பார்க்கப் போன கதை. முடியும்போது மனசு கொஞ்சம் கனக்கும். அதனால்தான் கிட்டே வரச் சொன்னேன்.

அந்தத் தாயை எல்லோரும் டிக்கெட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். தியேட்டரில் பெண்கள் பக்கத்து கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்தே தலை நரைத்தவள். ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் அவள். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரின் மறுபுறம்தான் படம் ஓடும். கவுண்டரைப் பூட்டி எழுந்திருப்பதற்குள் பாதிப் படம் போய்விட்டிருக்கும். அதனால் அவளுக்கு சினிமா என்பது முக்கால்வாசி காதில் விழுந்த சங்கதி. அழுவது யார், அதட்டுவது யார் என்று குரலை வைத்தே சொல்வாள். அந்த ஆட்கள் குட்டையா நெட்டையா என்று கேட்டால் விழிப்பாள்.

அவளுக்கு ஒரே தங்கை. சினிமாவில் நடிக்கிறேன் என்று கிளம்பிப் போனவள். நடிப்பென்றால் கூட்டத்தில் நிற்கிற நடிப்பு. சந்தையில் கூடை தூக்குகிறவள், கோர்ட்டில் பின் பெஞ்சில் உட்காருகிறவள். அப்படி நின்று நின்று ஒரே ஒரு படத்தில் அவளை வாய் திறந்து பேச விட்டார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் வேஷம். ஓடி வந்து, கவுண்டர் ஓட்டையில் முகத்தை ஒட்டவைத்து, “அக்கா, இதுல நான் பேசுறேன். நீ சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்தே கேக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் படம் எங்கோ நாலு ஊரில் ஓடிச் சுருண்டுகொண்டது. இவர்கள் ஊருக்கு வரவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து தங்கையையும் கொண்டுபோயிற்று.

போட்டோ ஒன்று மிச்சம். போட்டோ எங்கே பேசும்! தங்கையின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் டிக்கெட்டம்மா சொல்வாள். ஆனால் காதுக்குள் அது கேட்பது நின்று பல வருஷம் ஆகிவிட்டது. ஊரில் போவோர் வருவோர் குரலெல்லாம் நினைவிருக்க, கூடப் பிறந்தவள் குரல் மட்டும் எப்படி அழிந்துபோகும் என்று அவள் தனியாக இருக்கும்போது யோசிப்பாள். உதட்டை அசைத்து, “அக்கா” என்று தங்கை மாதிரியே சொல்லிப் பார்ப்பாள். அது அவள் குரலாகவே வரும்.

டிக்கெட்டம்மாவின் மகள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். ஆட்களை உட்காரவைத்து, எழுத்துகளைக் காட்டி, இந்தக் கண்ணாடியில் தெளிவா அந்தக் கண்ணாடியில் தெளிவா என்று நாள் பூராவும் கேட்கிற வேலை. ஒரு நாள் மத்தியானம் கடையிலிருந்தே வீட்டுக்கு ஓடி வந்தாள். வெளிநாட்டில் ஒரு ஊரில் வருஷா வருஷம் பழைய படங்களுக்கென்றே விழா நடத்துகிறார்களாம். அந்த நர்ஸ் படத்தின் சுருள் ஏதோ ஒரு கிடங்கில் கிடந்து அகப்பட்டு, துடைத்து, சத்தத்தைச் சீர்செய்து, இந்த வருஷம் போடுகிறார்களாம்.

“போலாமாம்மா?” என்றாள்.

டிக்கெட்டம்மா அடுப்பை அணைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவ பேசுறது வெட்டாம இருக்கா பாரு மொதல்ல” என்றாள்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு. “ஒரு படம் பாக்க ஏரோப்பிளேனா அத்தை? நம்ம வீட்டு டிவி என்ன பாவம் பண்ணுச்சு?”

“உங்க டிவியில எப்பவும் பந்துதானே மாப்பிள்ளை உருளுது. நகர்ந்தாத்தானே நாங்க பாக்க?”

அதற்கப்புறம் வீடே விழா ஆபீஸ் ஆகிவிட்டது. விழாப் புத்தகத்தை மகள் அச்சடித்துக் கொண்டுவந்தாள். எட்டு அரங்கு, ஒரே நேரத்தில் எட்டுப் படம். இதைப் பார்த்தால் அது போச்சு. சாப்பாட்டு மேஜையில் தாளைப் பரப்பி, தாயும் மகளும் கலர் பென்சிலால் கோடு போட்டார்கள். இந்த அரங்கிலிருந்து அந்த அரங்குக்கு முழங்கால் வலிக்காமல் நடக்க எவ்வளவு நேரம் ஆகும், நடுவில் ஒரு டீ குடிக்க முடியுமா, பாத்ரூம் எங்கே என்றெல்லாம் பேச்சு. நர்ஸ் படத்துக்கு மட்டும் சிவப்புக் கோடு. புதன்கிழமை சாயங்காலம், எல்லாவற்றிலும் சின்ன அரங்கு.

புக்கிங் திறக்கிற நாளில் மகள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் ஒரு குட்டி மனுஷன் பொம்மை நடந்துகொண்டே இருந்தது. நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள் என்று அதற்கு அர்த்தமாம்.

“நடுவுல யாராவது பூந்துட்டா?”

“இதுல பூந்துட முடியாதும்மா.”

“பூந்துட முடியாத வரிசையை நான் பாத்ததே இல்ல” என்றாள் டிக்கெட்டம்மா நம்பாமல்.

பொம்மை நடந்து நடந்து, பக்கம் ஒரு தடவை அப்படியே உறைந்து, திரும்ப உயிர் வந்து, உள்ளே விட்டது. மற்ற படங்களுக்கெல்லாம் இடம் கிடைத்தது. சிவப்புக் கோடு போட்ட படம் நிறைந்துவிட்டது. மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளைத் தட்டியது தாய்தான்.

“ஹவுஸ்ஃபுல் போர்டைப் பாத்து யாராவது அழுவாங்களாடி? எந்த ஹவுஸ்ஃபுல்லுலயும் நாலு சீட்டு திரும்பி வரும். நான் போடாத போர்டா?”

அந்த தைரியத்தில்தான் போனார்கள்.

புதன்கிழமை திரும்பி வருகிற டிக்கெட்டுக்கான வரிசையில் மத்தியானத்திலிருந்து நின்றார்கள். டிக்கெட்டம்மாவுக்கு வரிசையின் இந்தப் பக்கம் நிற்பது புதுசு. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு சீட்டு திரும்பி வந்தது. அவள் சொன்னது பலித்தது. ஆனால் அந்த நாலும் இவர்களுக்கு முன்னால் நின்றவர்களோடு தீர்ந்துபோயிற்று. கதவைச் சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் சுவரில் காதை வைத்து நின்றாள். அந்த ஊர்ச் சுவர் தடித்த கல். ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரிக்குள் முழங்கால் வீங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை. தாயைத் தங்கியிருந்த அறையிலேயே படுக்கச் சொல்லிவிட்டு மகள் மட்டும் ரொட்டியும் வலி மருந்தும் வாங்கப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அரங்குகள் இருக்கிற இடத்துக்குப் போனாள். சற்று நேரத்தில் போன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

“அம்மா! கூட்டம் தாங்காம இன்னொரு தடவை போடுறாங்க. இன்னைக்கே. ரெண்டு சீட்டு கெடச்சிடுச்சு!”

டிக்கெட்டம்மா எழுந்து உட்கார்ந்தாள். “எந்த ஷோடி?”

“செகண்ட் ஷோ. செகண்ட் ஷோவுக்கு வந்துடு. டாக்ஸிக்காரர்கிட்ட அந்த விழா அட்டையைக் காட்டு, அரங்கு பேரு அதுல இருக்கு. நான் இங்கயே இருக்கேன்.”

“சரி சரி. நிதானமா வரேன்.”

“ஆமா, நிதானமாவே வா. காலு பத்திரம்.”

போனை வைத்துவிட்டு டிக்கெட்டம்மா கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். மகளுக்கு மத்தியானம் முழுக்க வேறு படங்கள் இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும். செகண்ட் ஷோவுக்குள் இந்த வீக்கமும் இறங்கிவிடும். காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். தலைக்குக் குளித்தாள். பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்த நீலப் புடவையை எடுத்து, தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரியிடம் சைகையில் இஸ்திரிப் பெட்டி கேட்டு வாங்கி, ஒரு சுருக்கம் விடாமல் தேய்த்தாள். தேய்க்கும்போது தங்கையோடு பேசிக்கொண்டே தேய்த்தாள். “வரேண்டி. இன்னைக்குக் கவுண்டர் எல்லாம் கெடையாது. உள்ளயே உக்காந்து பாக்கப் போறேன்.” முந்தின நாள் படத்துக்கு உள்ளே போகும்போது போனின் சத்தத்தை அமுக்கி வைத்தவள், திரும்ப எழுப்பவில்லை. காலையில் மகள் கூப்பிட்டது தெரிந்ததுகூட, மணி பார்க்கப் போனைக் கையில் எடுத்தபோது தற்செயலாக அதன் வெளிச்சம் கண்ணில் பட்டதால்தான். இப்போது அது படுக்கையில் குப்புறக் கிடந்து, சத்தமில்லாமல் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.

புடவையை நாற்காலியில் விரித்துப் போட்டுவிட்டு ஒரு தூக்கம் போடலாம் என்று சாய்ந்தபோது கதவு திறந்தது. மகள். மருந்துப் பை கையில். முகம் பேயறைந்த மாதிரி.

“ஏம்மா வரல?”

“எங்க?”

“படத்துக்கு! எத்தனை தடவை கூப்பிட்டேன்! வாசல்லயே நின்னேன். கதவைச் சாத்தப் போறேன்னாங்க. உள்ள போயி உன் சீட்டுல என் பையை வச்சுப் புடிச்சு வச்சிருந்தேன். இருட்டுல யாரு வந்தாலும் நீதான்னு எந்திரிச்சேன்…”

“செகண்ட் ஷோன்னு சொன்னியேடி” என்றாள் டிக்கெட்டம்மா. அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. “செகண்ட் ஷோன்னா ராத்திரிதானே?”

மகள் மருந்துப் பையைக் கீழே வைத்தாள். சொல்லுங்கள் கண்ணுகளா, நம் ஜனங்களுக்கு ஃபர்ஸ்ட் ஷோ என்றால் சாயங்காலம், செகண்ட் ஷோ என்றால் ராத்திரி. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று ஓடி முடித்திருந்தாலும் அவை கணக்கில் சேராது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மகளும் அந்தப் பேச்சிலேயே வளர்ந்தவள்தான். ஆனால் நாலைந்து நாளாக விழா ஆட்களோடு பேசிப் பேசி, காலையில் முதலில் ஓடுவது ஃபர்ஸ்ட், அடுத்தது செகண்ட் என்று அவள் நாக்கு மாறிவிட்டிருந்தது. மாறியது அவளுக்கே தெரியவில்லை.

“இங்க அது காலையிலம்மா” என்றாள் மெதுவாக. “நான்… மணியைச் சொல்லியிருக்கணும்.” தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆயுசு பூராவும் அந்த வார்த்தையை ஓட்டை வழியாகச் சொல்லிச் சொல்லி டிக்கெட் கொடுத்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேய்த்த புடவை அவள் கைக்கடியில் கசங்கியது. திட்டியிருந்தால் மகளுக்கு ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. “பேசினாளா?” என்று கேட்டாள்.

“பேசினாங்கம்மா. ஒரே ஒரு தடவை. நெளிஞ்ச தட்டு ஒன்னைப் புடிச்சிக்கிட்டு வராங்க. ‘அவங்க இன்னும் கண்ணு தொறக்கலைங்க’ன்னு சொல்றாங்க. அவ்வளவுதான். நிக்கிறது அச்சு உன்னை மாதிரியே.”

“குரலு?”

மகள் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். கண்ணாடிக் கடையில் எத்தனையோ பேரிடம் தெளிவா தெளிவா என்று கேட்டவள், இப்போது ஒரு சொல் கிடைக்காமல் தடுமாறினாள். “மெல்லிசா இருந்துச்சும்மா. சின்னப் புள்ள மாதிரி. நல்லா இருந்துச்சு.”

டிக்கெட்டம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கைக்குக் கரகரத்த குரல். கவுண்டரில் வந்து அவள் கூப்பிட்டால், எந்த ஆம்பளை பெண்கள் வரிசையில் நிற்கிறான் என்று ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் சின்ன வேஷக்காரர்களுக்கு வேறு யாரையாவது வைத்துப் பேசவைப்பது வழக்கம்தான். அப்படித்தான் செய்துவிட்டார்களோ. தன் வாயில் வேறொருத்தி பேசியது தெரியாமலே அந்தப் பைத்தியம் அக்காவிடம் ஓடி வந்து சொன்னதோ. இல்லை, பழைய சுருளைத் துடைத்ததில் குரல் மெலிந்துபோயிற்றோ. இல்லை, கேமராவுக்கு முன்னால் பயந்து அவளே குரலைச் சுருக்கிக்கொண்டாளோ. ஒரு விநாடி கேட்டிருந்தால் போதும், சொல்லிவிடலாம். மகளால் சொல்ல முடியாது. அவள் பிறப்பதற்கு முன்னாலேயே அந்தக் குரல் போய்விட்டது. சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த நேரத்தில் இங்கே புடவை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“திரும்பப் போடுவாங்களாடி?”

“கேட்டேன்மா. சுருளு இன்னைக்கே திரும்பப் போகுதாம். அந்தக் கெடங்குக்கு.”

“அவ குரலு அப்படித்தான்” என்றாள் டிக்கெட்டம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே. “மெல்லிசு. நீ சரியாத்தான் கேட்டிருக்கே. எந்திரி, தரை சில்லுன்னு கெடக்கு.”

அவள் வந்து கட்டிலில் உட்கார, மகள் அவள் மடியில் தலையை வைத்து அழுதாள். தாய் அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் அந்த நீலப் புடவையை அவள் கட்டிக்கொண்டாள். “கெளம்புடி” என்றாள்.

“எங்கம்மா? இன்னைக்கு ஒன்னும் வேணாம். படுத்துக்கோ.”

“இவ்வளவு தூரம் வந்து ரூமுல படுத்துட்டுப் போறதா? எதையாவது ஒன்னை மொதல்லேர்ந்து பாக்குறேன்.”

பெரிய அரங்கில் இடம் இருந்தது. என்ன படம் என்று அவள் கேட்கவில்லை. வெளியே வெயில் இன்னும் மிச்சமிருக்க, உள்ளே இருட்டு. சினிமாவுக்குப் பேச்சு வருவதற்கு முந்தின காலத்துப் படம் அது. திரைக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்து பியானோ வாசித்தார். ஆட்கள் வந்தார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள், ஒரு சத்தமில்லை. பெரிய வேஷக்காரர்கள் பேசினால் மட்டும் திரையில் எழுத்து வந்தது. சுவருக்குப் பின்னால் குரலை மட்டும் வைத்துப் படம் பார்த்தவள், குரலே இல்லாத படத்துக்கு முன்னால் கண்ணை அகல விரித்து உட்கார்ந்திருந்தாள். மகள் திரையைப் பார்க்கவில்லை, தாயைத்தான் பார்த்தாள். தாயின் கண் கதாநாயகியிடம் இல்லை.

திரையில் ஒரு ரயிலடி. அழகான சோடி முன்னால் நின்று பிரிந்துகொண்டிருந்தது. பின்னால், வெகு பின்னால், புகைக்குள், சால்வை போட்ட ஒருத்தி யாரையோ பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. அவளுக்கென்று எழுத்து ஏதும் வரவில்லை. டிக்கெட்டம்மா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, வீங்கின காலை ஊன்றி, காதை லேசாகத் திரையின் பக்கம் சாய்த்தாள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் இப்போது ஒருவர் இன்னொருவரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் உங்கள் கூரைக்குக் கீழே குறையாமல் இருக்கட்டும். கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆள் இருக்கட்டும். எல்லோரும் நல்லா இருங்கள்.