டெஸ்மண்டின் குல்லாவில் இறங்கிய குருவி

அக்டோபர் பிறந்தால் ஸ்கெல்பி ஊரே வெயிலுக்கு ஏங்கும். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் மட்டும் கொண்டல் அடிக்க வேண்டும், கூடவே தூறலும் வேண்டும் என்று வேண்டிக்கொள்வோம். கிழக்கிலிருந்து காற்று விடாமல் இரண்டு நாள் வீசினால், தென்கிழக்கே போகவேண்டிய சைபீரியப் பறவை ஏதாவது வழி தப்பி எங்கள் கரையில் வந்து விழும். அதைப் பார்த்துப் பட்டியலில் எழுதிக்கொள்வதற்காகத்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். மறுக்க முடியாது.

டெஸ்மண்ட் தர்க்கெல் எங்களில் மூத்தவன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மரவேலை கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஆறடி நாலங்குலம். இருபத்தாறு இலையுதிர் காலமாக ஒன்றுகூடத் தவறாமல் கடற்கரைக்கு வந்தவன். ஆனால் அவன் ராசி எல்லோருக்கும் தெரியும். அவன் வந்து சேர்வதற்கும் பறவை கிளம்பிப் போவதற்கும் சரியாக ஐந்து நிமிஷம் வித்தியாசம் இருக்கும். தூரத்தில் அவன் உயரம் தெரிந்தாலே, "டெஸ்மண்ட் வர்றான், சீக்கிரம் பாத்துக்கங்கடா, கிளம்பிடும்" என்பார்கள். அவனும் சிரிப்பான். உள்ளே சிரித்தானா என்று நாங்கள் கேட்டதில்லை.

மால்கம் ஸ்டோக்ஸ் இதற்கு நேர் எதிர். குட்டை உருவம், பெரிய வாய். அந்த ஐந்து நிமிஷம் எப்போதும் மால்கத்துக்குத்தான் கிடைக்கும். எங்கள் மாவட்டத்தில் எந்தப் பறவை வந்தது, எது வரவில்லை என்று பதிவேட்டில் ஏற்றும் பொறுப்பும் அவனிடம்தான் இருந்தது. "பாத்தேன்" என்று யார் சொன்னாலும், "எப்படித் தெரியும்?" என்பான்.

அந்த வருஷம் அக்டோபர் பதினான்காம் தேதி, மூன்று நாள் கொண்டலுக்குப் பிறகு, டெஸ்மண்ட் விடிந்ததும் கிளம்பி ஸ்கெல்பி முனையின் நுனிவரை தனியாக நடந்து போனான். கடலுக்குள் மூன்று மைல் நீண்டு கிடக்கும் கூழாங்கல் திட்டு அது. அடிப்பக்கம் முள்ளுப்புதர் உண்டு. நுனியில் ஒரு புல்கூடக் கிடையாது. அழுகிய கடற்பாசியும் அதை மொய்க்கும் ஈயும்தான். "புதர்ப் பக்கம் எல்லாரும் இருக்கீங்க. நான் வந்தா போயிடும்னு சொல்லுவீங்க. நுனியில நான் யாருக்கும் இடைஞ்சல் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

எட்டேகால் மணிக்கு அவன் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தபோது குல்லாவின் மேல் ஏதோ மெல்லத் தட்டிற்று. எப்போது தொடர்ந்து வந்தானோ, பின்னால் மால்கத்தின் குரல் கேட்டது. மால்கம் அப்படிக் குரல் தாழ்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"டெஸ்மண்ட். அசையாத."

"என்னடா?"

"சத்தமாப் பேசாத. வாய மட்டும் அசை. தலை அசையக் கூடாது."

"என்னடா இருக்கு தலையில?"

மால்கம் மூச்சு வாங்கினான். "மணிமுடிக் கதிர்க்குருவி."

மஞ்சூரியாவில் பிறந்து தாய்லாந்துக்குப் போகவேண்டிய குருவி அது. எங்கள் கரையில் அதற்கு முன்னால் ஒருவரும் பார்த்ததில்லை. கடலைத் தாண்டிக் களைத்துப்போய் வந்த குருவிக்கு நுனியில் இறங்க ஒரு மரம் தேவைப்பட்டது. இருந்த ஒரே மரம் டெஸ்மண்ட். அவன் மனைவி ஜாய்ஸ் பின்னிக்கொடுத்த பச்சைக் கம்பளிக் குல்லா, அதன் உச்சியில் ஒரு பெரிய குஞ்சம். குருவி குஞ்சத்தடியில் உட்கார்ந்து, பாசியிலிருந்து கிளம்பும் ஈயைப் பாய்ந்து பிடிக்கும். திரும்பவும் குல்லாவுக்கே வரும். பாய்வதும் முன்பக்கம் பாயவில்லை. பின்பக்கமாகப் பாய்ந்து பின்பக்கமாகவே வந்தது.

மால்கம் கைபேசியில் எங்கள் குழுவுக்கு எழுதிப் போட்டான். அரை மணியில் நான் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். பதினொரு மணிக்கு இருநூறு பேர் ஆகிவிட்டார்கள். லீட்ஸிலிருந்து, நாட்டிங்காமிலிருந்து, ஒருவர் மகளின் கல்யாண ஒத்திகையிலிருந்து. முக்காலியும் தொலைநோக்கியுமாக அரைவட்டம் போட்டு நின்றார்கள். நடுவில் டெஸ்மண்ட், கைகளைத் தொங்கவிட்டபடி, கடலைப் பார்த்து.

"எங்க, எங்க?" என்று புதிதாக வந்தவன் கேட்பான்.

"அந்த ஆள் மூக்கப் பிடி. மூக்குலேருந்து நேரா மேல போ. குல்லா விளிம்பு வருதா? அதுக்கு ரெண்டு விரக்கடை மேல."

"ஆகா! ஆகா! தலையில அந்தக் கோட்டப் பாரு!"

"அந்த ஆளக் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பச் சொல்லுங்கய்யா, வெளிச்சம் எதிர்ல அடிக்குது."

டெஸ்மண்ட் கொஞ்சம் கொஞ்சமாக, கால் கட்டைவிரலில் சுற்றுவதுபோல், இடப்பக்கம் திரும்பினான். கைதட்டத் தோன்றியது, பறவை பறந்துவிடுமே என்று தட்டவில்லை.

அவனுக்கு மட்டும் தெரியவில்லை. நடுத்தலையில் ஓடும் வெளிர்க் கோட்டைப் பற்றி, நீண்ட புருவத்தைப் பற்றி, வாலடியில் தடவினாற்போல் இருக்கும் எலுமிச்சை மஞ்சளைப் பற்றி இருநூறு வாய் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றான். அவனுக்குக் கிடைத்தது எச்சம் மட்டும்தான். அது குல்லாவிலிருந்து வழிந்து மூக்குக்கண்ணாடியின் வலது வில்லையில் நின்றது.

ஒரு தாடிக்காரன் தான் எடுத்த படத்தைக் காட்ட கேமராவை அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோனான். டெஸ்மண்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "காட்டாதீங்க. படத்துல பாக்கணும்னா நான் வீட்டுலயே இருந்திருப்பேன்."

லீட்ஸிலிருந்து வந்த ஒரு அம்மாள் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தாள். மால்கம் குறுக்கே வந்தான்.

"கண்ணாடியில பாத்தா செல்லாது. அது பறவை இல்ல, பிம்பம்."

"உங்க தொலைநோக்கிக்குள்ள என்ன இருக்கு? ஓட்டையா?" என்றாள் அந்த அம்மாள். "அதுக்குள்ளயும் ரசம் பூசின கண்ணாடிதான் இருக்கு. அப்ப நீங்க இதுவரைக்கும் எழுதினதெல்லாம் பிம்பமா?"

சிலர் அவள் பக்கம் சேர்ந்தார்கள். சிலர் மால்கத்தின் பக்கம். ஆட்களுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு தெரிய ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. கண்ணாடி வைத்த தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்ப்பவர்கள்கூட வாதத்துக்குள் இழுக்கப்பட்டார்கள். கடைசியில் கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். நூற்றுப்பதினோரு பேர் கண்ணாடி செல்லும் என்றார்கள். டெஸ்மண்டுக்குக் கை தூக்க அனுமதி இல்லை.

கண்ணாடியை ஒரு முக்காலியில் கட்டி அவன் முன்னால் உயர்த்தினோம். அதன் பளபளப்பைக் கண்டதும் குருவி குஞ்சத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "கண்ணாடிய இறக்கு! இறக்குய்யா! பறவை தெரியல!" என்று இருநூறு பேரும் கத்தினார்கள். நூற்றுப்பதினோரு பேரும் சேர்த்துத்தான். இறக்கினோம். குருவி வெளியே வந்தது. அதற்குள் டெஸ்மண்ட் கண்ணாடியில் பார்த்தது தன் முகத்தை மட்டும்.

"எவ்வளவு வயசாயிடுச்சு எனக்கு" என்றான்.

"அசையாத" என்றான் மால்கம்.

பன்னிரண்டரைக்கு டெஸ்மண்ட் மெதுவாகச் சொன்னான்: "மால்கம், எனக்கு ஒண்ணுக்குப் போகணும்."

இது பெரிய விஷயமாகிவிட்டது. கலந்து பேசினார்கள். வலது கையை மட்டும், மிக மெதுவாக, தோள் அசையாமல் பயன்படுத்தலாம் என்று முடிவாயிற்று. "எல்லாரும் கொஞ்சம் திரும்பிக்கங்களேன்" என்றான் டெஸ்மண்ட். திரும்பினால் பறவை தெரியாதே. இருநூறு பேரும் தொலைநோக்கியை ஒரு அங்குலம் மேலே தூக்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் மரியாதை காட்ட எங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு நான் அவனுக்கு ஃபிளாஸ்க் தேநீரை உறிஞ்சுகுழாயில் கொடுத்தேன். பன்றியிறைச்சிப் பணியாரத்தை மால்கம் துண்டு துண்டாகப் பிய்த்து வாயில் வைத்தான். இருபத்தாறு வருஷத்தில் அவன் டெஸ்மண்டுக்கு எதுவும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"குல்லாவக் கழட்டிட்டா ஒரு நொடி பாத்துடலாம்ல?" என்று நான் டெஸ்மண்டின் காதில் சொன்னேன்.

"பாத்துடலாம்." மென்றுகொண்டே யோசித்தான். "பிரிஸ்டல்லேருந்து ஏழு பேர் வேன்ல வர்றாங்களாம். அவங்க வந்து சேரும்போது பறவை போயிருந்தா எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்கள்ல எனக்குத்தான் நல்லாத் தெரியும்."

இரண்டு மணிக்குக் கடல் ஏற ஆரம்பித்தது. கூட்டம் பின்வாங்கி உயரமான கல்மேட்டுக்குப் போயிற்று. டெஸ்மண்டால் நகர முடியவில்லை. முதலில் பூட்ஸ், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். மால்கம் ஒரு கையில் கைபேசியோடு மேட்டிலிருந்து கத்தினான்: "வேன் ஒரு டிராக்டருக்குப் பின்னால மாட்டிக்கிச்சாம்! இன்னும் இருபது நிமிஷம்! குளிருதா?"

"கால் இருக்கறது தெரியல."

"நல்லது! அப்ப அசையாது!"

யாரோ சொல்லியனுப்பி, ரப்பர் படகில் மீட்புக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். "கடல்ல ஒரு ஆள் நிக்கிறான், இருநூறு பேர் வேடிக்கை பாக்கறீங்க, என்னய்யா ஊர் இது?" என்றான் ஒருவன். நாங்கள் விளக்கினோம். அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "அந்தத் தொலைநோக்கிய இப்படிக் கொடுங்க" என்றான்.

பிரிஸ்டல்காரர்கள் ஏழு பேரும் மூன்று மைலையும் ஓடியே வந்தார்கள். ஒருவருக்கு இளைப்பு நோய். மருந்தை உறிஞ்சிக்கொண்டே தொலைநோக்கியில் கண் வைத்தார். "ஐயோ சாமி" என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து கடலைப் பார்த்துக் கூவினார்: "ரொம்ப நன்றிங்க, ஐயா!" டெஸ்மண்ட் தலையாட்டவில்லை. கட்டைவிரலை மட்டும் உயர்த்தினான்.

அவர்களுக்குப் பின்னாலேயே ஜாய்ஸ் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி போய்ச் சொல்லியிருக்கிறாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் ஜாய்ஸ் ஒரு பறவையையும் ஏறெடுத்துப் பார்த்தவள் இல்லை. எங்கள் யாரையும் எதுவும் கேட்காமல், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே தண்ணீருக்குள் இறங்கினாள். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். முனகல் நின்றது.

"வீட்டுக்கு வா, டெஸ்."

"ஜாய்ஸ், மெதுவா. என் தலையில என்ன இருக்கு, சொல்லு."

"குருவி."

"எப்படி இருக்கு?"

"குருவி மாதிரி இருக்கு. வேற எப்படி இருக்கும்?"

"நடுத்தலையில கோடு ஒண்ணு தெரியுதா? வெளிர்க் கோடு?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். முழங்கால் தண்ணீரில், ஒரு முழ தூரத்தில். எங்கள் யாருக்கும் அவ்வளவு கிட்டத்தில் கிடைக்கவில்லை. "தெரியுது" என்றாள். பிறகு வேறு குரலில்: "அது என்னப் பாக்குது டெஸ். மார்பு துடிக்கறதுகூடத் தெரியுது. எவ்வளவு சின்னதா இருக்கு!"

அப்படியே நின்றாள். வீட்டுக்குப் போவதை மறந்துவிட்டாள்.

மேட்டில் மால்கம் கைகளை உயர்த்தினான். "எல்லாரும் பாத்தாச்சா? பாக்காதவங்க இருக்கீங்களா? சரி. இனிமே டெஸ்மண்ட் பாக்கட்டும். டெஸ்மண்ட்! நாங்க மூணு எண்ணுவோம். மூணு சொன்னதும் குல்லாவ உருவிக்கிட்டுத் திரும்பு. கண்ணத் தயாரா வச்சுக்க!"

டெஸ்மண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஜாய்ஸின் சட்டையில் துடைத்து, மாட்டிக்கொண்டான். குல்லாவை ஒரு கையால் பிடித்தான்.

இருநூற்று ஏழு பேரும் ஒரே குரலில் "ஒண்ணு!" என்று கத்தினோம்.

குருவி அந்த ஒன்றுக்கே கிளம்பிவிட்டது. அவன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்து, படகைச் சுற்றி, எங்கள் தலைக்கு மேலாக, இறக்கையின் அடிப்பக்கம் வெயிலில் மின்ன, தெற்கே போயிற்று. அப்படியொரு காட்சி. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். "ரெண்டு" சொல்ல யாருக்கும் ஞாபகம் இல்லை. கடலுக்குள் டெஸ்மண்ட் குல்லாவைப் பிடித்தபடி, கடலைப் பார்த்து, அடுத்த எண்ணுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

ஜாய்ஸ்தான் அவன் கையைத் தொட்டாள். "போயிடுச்சு, டெஸ்."

"எப்ப?"

"இப்பத்தான்."

அவன் குல்லாவைக் கழற்றினான். அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். முதலில் மெதுவாக, அப்புறம் அடக்கமாட்டாமல். சிரித்துச் சிரித்து, ஏற்கெனவே மரத்துப்போயிருந்த கால் தாங்காமல் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். படகுக்காரர்கள்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து மால்கம் பதிவுப் படிவத்தோடு அவன் வீட்டுக்குப் போனான். கூட நானும் போனேன். 'பறவை காணப்பட்ட இடம்' என்ற கட்டத்தில் மால்கம், 'திரு. டெஸ்மண்ட் தர்க்கெல்' என்று எழுதியிருந்தான்.

"கமிட்டியில பேசிட்டேன். உன் பட்டியல்ல ஏத்திக்கலாம். ஆறு மணி நேரம் உன்மேலயே இருந்திருக்கு. யாரும் கேக்க மாட்டாங்க" என்றான்.

"நான் பாக்கல, மால்கம்."

"உணர்ந்தியே."

"உணர்ந்தேன். பாக்கல." படிவத்தை மால்கத்தின் பக்கமே தள்ளினான். அவன் கால் வெந்நீர்த் தொட்டிக்குள் இருந்தது.

ஜாய்ஸ் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மளிகைச் சீட்டு எழுதும் சின்ன நோட்டு ஒன்றை மால்கத்திடம் நீட்டினாள். முதல் பக்கத்தில் தேதி போட்டு ஒரே ஒரு வரி: மணிமுடிக் கதிர்க்குருவி. "நான் எழுதிக்கலாம்ல?" என்று கேட்டாள். வாழ்நாளில் முதன்முறையாக மால்கம், "எப்படித் தெரியும்?" என்று கேட்கவில்லை.

இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் டெஸ்மண்ட் அவளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். இறக்கையில் பட்டை ஒன்றா இரண்டா, கால் என்ன நிறம், அலகின் கீழ்ப்பாதி மஞ்சளா. அவள் அவசரப்படாமல் பின்னிக்கொண்டே, "அழகா இருந்துச்சு" என்கிறாளாம். மறுநாள் அவன் வேறு மாதிரி கேட்பானாம்.

போன அக்டோபரில் கொண்டல் வீசிய முதல் நாள், இருவரும் சேர்ந்தே கடற்கரைக்கு வந்தார்கள். ஜாய்ஸ் மடக்கு நாற்காலியைப் போட்டுக் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். புதரில் ஒரு மஞ்சள்புருவக் கதிர்க்குருவி வந்திருக்கிறது என்று நாங்கள் பதறியடித்து ஓடினோம். டெஸ்மண்ட் அவளைக் கைபிடித்து நாற்காலியிலிருந்து எழுப்பப் பார்த்தான்.

"நீ போய்ப் பாரு" என்றாள் ஜாய்ஸ். "அது வருஷா வருஷம் வர்றதுதான்."