ஒரே சூரை, இரண்டு பாதி

செங்கல்பட்டு ஆய்வுக்கூடத்தில் கதவு திறந்ததும் மீன்காரி சந்திரம்மா எழுந்து நின்றாள். மாமல்லபுரத்தில் அவளிடம் பாதிச் சூரைமீன் வாங்கித் தின்ற துரையின் குடும்பத்துக்கே முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு. முடிவு வரும்வரை கடை போடக் கூடாதென்று சந்தையில் சொல்லிவிட்டார்கள். எதிரே துரை சொறிந்தபடி முறைத்தான்.

பரிசோதகர் ஜெபா தாளோடு வந்தாள்.

"ஹிஸ்டமின்னு ஒரு நஞ்சு. கிலோவுக்கு இருநூறு மில்லிகிராமைத் தாண்டினா ஆபத்து. இவங்க ஐஸ் பெட்டியில இருந்த மறுபாதியில பன்னெண்டுதான். சார் வூட்டு மிச்சத்துல எழுநூறு!"

"ஒரே மீனாச்சே!" துரை துள்ளினான்.

"சூட்டுல கெடந்தா ஏறிடும் சார். கொழம்பு கொதிச்சாலும் போவாது. வாங்கினு நேரா வூட்டுக்கா போனீங்க?"

துரை சொறிவதை நிறுத்தினான்.

"இல்ல... வர்ற வழியில முட்டுக்காட்டுல பசங்க படகு சவாரி கேட்டாங்க. சாயங்காலம் ஆயிடுச்சு."

"மீனு?"

"கார் டிக்கியில..."

சந்திரம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடிக் குடுவைகளே அதிர்ந்திருக்கும்.

"இன்னா நைனா, நீ படகுல சுத்திகினு, என் மீன டிக்கியில வேவ வுட்டியா? அதையும் படகுல இட்டுகினு போறதுதானே!"

துரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே சந்தைக்குப் போன் போட்டுத் தப்பை ஒப்புக்கொண்டான்.

"நாளைக்கும் பாதி எடுத்து வை, அக்கா."

"வெக்கிறேன். ஐஸ் பெட்டியோட வந்தாத்தான் தருவேன்!"