எண்ணெய்க் கிணறும் பாதி மீசையும்

தில்லைநாதனின் மீசையில் இடப்பக்கம் எரிந்துபோனதற்கு முழுக் காரணமும் இளையதம்பிதான். பெற்றோல்மாக்ஸ் விளக்கைக் கொளுத்த ஒரு சொட்டு ஸ்பிரிட் போதும். ஆனால், வந்திருப்பவர் உலகத்து எண்ணெய்க் கிணறுகளில் பங்கு வாங்கித் தரும் கொழும்புக் கொம்பனியின் ஆள். அவர் முன்னால் கஞ்சத்தனம் காட்டலாமோ? போத்தலைக் கவிழ்த்தார். விருந்தாளி மரியாதைக்காகக் குனிந்து பார்த்த நேரம் பார்த்து நெருப்புக்குச்சியையும் கிழித்தார்.

இளையதம்பியின் மனைவி கமலாசனி ஓடிவந்து தேங்காயெண்ணெய் பூசிவிட்டாள். "மன்னிச்சுக்கொள்ளும் தம்பி. இவர் எதையும் அளவாச் செய்து நான் காணேல்லை."

ஒரு கையால் உதட்டை மூடிக்கொண்டு தில்லைநாதன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "எங்க கிணறு தோண்டினாலும் உங்களுக்குப் பங்கு, அண்ணை. எதை வாங்கிறது, எப்ப விக்கிறது எண்டு லண்டனிலை கெட்டிக்காரர் பாப்பினம். நீங்கள் காசைப் போட்டிட்டு நித்திரை கொள்ளலாம்."

நெல் விற்ற காசு ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர்ப் பம்ப் வாங்கவென்று வைத்த காசு. கிணற்றுக் கப்பியில் தண்ணீர் அள்ளி அள்ளி கமலாசனிக்கு வலது தோள் தூக்க முடியாமல் போயிருந்தது. இளையதம்பி யோசித்தது வேறு: பங்கு பெருகினால் பம்ப் என்ன, அவளைக் கிணற்றடிப் பக்கமே போகவிடாமல் கதிரையில் இருத்திவிடலாம். அவருடைய யோசனைகள் எல்லாம் நல்ல மனதோடு தொடங்குபவைதான்.

"மற்றவை எங்கட சொத்தைப் பாக்க, நாங்கள் நித்திரை கொள்ளுறதோ?" என்றாள் கமலாசனி. "இது ஐயாத்துரையிட்டை மாடு விட்ட கதையெல்லோ!"

தண்ணீரூற்று ஊரில் மாட்டுப் பட்டி வைத்திருந்த ஐயாத்துரையிடம், கன்றில் பாதி என்ற பேச்சில், இளையதம்பி மாடுகளைப் பங்கு வாரத்துக்கு விட்டிருந்தார். இரண்டு பேரின் மாடுகளும் ஒன்றாகத்தான் மேய்ந்தன. ஆனால் சிறுத்தை பிடித்ததும் வெள்ளம் இழுத்ததும் எப்படியோ இளையதம்பியின் மாடுகளாகவே இருந்தன. ஒவ்வொரு முறையும் ஐயாத்துரை வந்து விக்கி விக்கி அழுவார். இளையதம்பிதான் அவரைத் தேற்றி, சோறு கொடுத்து, பஸ் ஏற்றிவிடுவார்.

"தம்பி, லண்டன் பட்டியிலை மாடு செத்தா அது ஆரின்ரை மாடு?" என்று கேட்டாள் கமலாசனி.

"அது அக்கா, உலக நிலவரத்தைப் பொறுத்து..."

"நிலவரம் கிடக்கட்டும்."

"நீண்ட காலப் போக்கிலை பாத்தமெண்டா..."

கமலாசனி சேலைத் தலைப்பில் முடிந்திருந்த பெட்டித் திறப்பை அவிழ்த்துக் கணவனின் கையில் வைத்தாள். "நீங்களே கேளுங்கோ. நீங்களே முடிவெடுங்கோ." திறப்பை நீட்டியது இடது கை. வலது கை, தூக்க முடியாத தோளிலிருந்து தொங்கியபடி இருந்தது.

இளையதம்பி அந்தத் தோளைப் பார்த்தார். பிறகு பாதி மீசையைப் பார்த்தார்.

"தில்லைநாதன், செத்தது லண்டன்காரரின்ரை மாடெண்டால் இப்பவே பெட்டியைத் திறக்கிறன். எங்கட மாடெண்டால் நாளைக்கு விடியக் கிளிநொச்சியிலை பம்ப் கடை வாசலிலை நிப்பன். மீசையை எரிச்சவனெண்டு கோவிக்காமல் சொல்லும். ஆரின்ரை மாடு?"

தில்லைநாதன் உதட்டிலிருந்து கையை எடுத்தார்.

"உங்கட மாடுதான் அண்ணை. செத்தாலும் மேய்ச்சல் கூலி எங்களுக்கு வரும்."