உலகம் சுற்றப் போனவர்களிடம் கொடுத்தனுப்பிய கவர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு நிதானம் போதவில்லை என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

களக்காடு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் விஜயஸ்ரீ. பாஸ்போர்ட் விண்ணப்பம், விசா அச்சு, விமான டிக்கெட் எல்லாம் என் கடையில்தான். பிழையாக விழுந்த தாள்களின் பின்பக்கத்தில் கதை எழுதுவேன். போன மாதம் ஒரு பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்கள் ஊர் ஜோடி ஒன்று வேலைக்கு ஒரு வருடம் விடுப்புப் போட்டுவிட்டு உலகம் சுற்றப் போகிறதாமே, அதைக் கதையாக எழுதுங்கள்" என்றார். சரி என்றேன். "நிறைய நாடுகள் வரட்டும். கடைசியில், எங்கே சுற்றினாலும் சொந்த ஊர் மாதிரி வராது என்று அந்தப் பெண் உணர வேண்டும்" என்றார்.

ஏன் அந்தப் பெண் உணர வேண்டும்? கூடப் போனவனுக்கு உணர்ச்சி கிடையாதா? அவள் ஊரைவிட்டுக் கிளம்பியதே தப்பு, திரும்பி வந்து ஒப்புக்கொள்ள வேண்டும், அதை நான் எழுதித்தர வேண்டும். இதைத்தான் அவர் இவ்வளவு நயமாகச் சொன்னார்.

அந்த ஜோடியின் பெயர் சல்மான் ஃபாரிஸ், ஃபஹ்மிதா. இருவருக்கும் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. உலகம் சுற்றப் போகிறோம் என்று அவர்கள் சொன்னதும் ஊர் சல்மானிடம் எந்தெந்த நாடு என்று கேட்டது. ஃபஹ்மிதாவிடம், வைத்தியத்துக்கா என்று கேட்டது.

2

தொடக்கம் ஒன்று: "இஸ்தான்புல்லில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஃபஹ்மிதா ஜன்னல் வழியே பார்த்தபோது" —

[நிறுத்திவிட்டேன். நான் திருவனந்தபுரம் விமான நிலைய வாசலைத் தாண்டியதில்லை. அங்கே மழை எப்படித் தூறும் என்று எனக்கு எப்படித் தெரியும்?]

தொடக்கம் இரண்டு: "பயணம் என்பது மனிதன் தன்னைத்தானே" —

[இதை எழுதிய தாளில் ஒருவருக்கு ரேஷன் கார்டு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நல்லதாய்ப் போயிற்று.]

தொடக்கம் மூன்று. இது நடந்தது, அதனால் எழுத வருகிறது. புறப்படுவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் என் கடைக்கு வந்தார்கள். முதுகில் மாட்டும் பை இரண்டு இருந்தது. அது போக வாழைநார்க் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி மூன்று. என்னிடம் எடை பார்க்கும் கருவி உண்டு, வளைகுடா போகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் பெட்டியைத் தூக்கி வைத்துப் பார்ப்பார்கள்.

"எக்கா, நாங்க ஊர் சுத்தப் போறோமா, பார்சல் சர்வீஸ் நடத்தப் போறோமா?" என்றான் சல்மான்.

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை.* எங்கள் ஊரில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் தெருவே அவர் பெட்டியில் ஏறும். முறுக்கு, கருவாடு, இடித்த மசாலா, முட்டிவலித் தைலம். அங்கே இருக்கிற மகனுக்கோ மருமகனுக்கோ சேர்க்க வேண்டும். மறுத்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்கும்.

(* ஆசிரியர் அடிக்குறிப்பு வேண்டாம் என்றார். அதனால்தான் இதை மேலேயே எழுதிவிட்டேன்.)

அவர்களுடைய திட்டத்தில் வளைகுடா இல்லவே இல்லை. ஃபஹ்மிதா அதை எல்லா வீட்டிலும் சொல்லிப் பார்த்தாள். எதிர்வீட்டு பாவா மட்டும் பதில் சொன்னார். "உலகம் பூரா போறிய. தோஹா என்ன உலகத்துல இல்லாமலா போச்சு?" டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தது நான்தான். உலகப் பயணத்தின் முதல் ஊர் தோஹா ஆயிற்று, இரண்டு நாள்.

3

இந்த இடத்தில் தஸ்லிமா வருகிறாள். அவளைக் கொண்டுவரும் எண்ணம் எனக்கு இல்லை. ஆசிரியருக்கும் பிடிக்காது, அவள் எந்த நாட்டையும் பார்த்தவள் இல்லை.

பெட்டிகளை எடை பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தாள். ஃபஹ்மிதாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். ஏழு வருடத்துக்கு முன், தஸ்லிமாவுக்குக் கல்யாணமான புதிதில், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் நான்தான் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். ஃபஹ்மிதாவின் பாஸ்போர்ட்டில் வேலைப் பயணங்களிலேயே பாதிப் பக்கங்களில் முத்திரை விழுந்துவிட்டது. தஸ்லிமாவுடையதில் ஒன்றுகூட இல்லை. அவள் கணவன் அலி அஸ்கருக்குத் தோஹாவில் குளிர்சாதனம் பழுது பார்க்கும் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் விடுப்பில் வருவான். அவள் இங்கே மாமியார் பாத்துவோடு இருக்கிறாள்.

கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றாள். பிறகு ஒரு பழுப்புக் கவரை ஃபஹ்மிதாவிடம் நீட்டினாள். பாஸ்போர்ட் நகல், நிக்காஹ் சான்று, வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ இரண்டு.

"அவிய வேலைக்குக் குடும்ப விசா அடிக்க முடியாதுன்னு மாமி சொல்லுதாவ. நீ போற எடத்துல கேட்டுச் சொல்லு புள்ள. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரு. தெரிஞ்சா போதும்."

"இத நீ அவர்ட்டயே போன்ல கேக்கலாம்லா?" என்றான் சல்மான்.

தஸ்லிமா அவனைப் பார்த்தாள். அந்த வீட்டில் இருப்பது ஒரே போன். அது மாமியாரின் தலைமாட்டில் இருக்கும், பேச்சு ஸ்பீக்கரில்தான். மாமியார் பக்கத்தில் இருக்க, "என்னை ஏன் கூப்பிடவில்லை" என்று எந்த மருமகள் கேட்பாள்? முடியாததைக் கேட்டு அவனைச் சங்கடப்படுத்துவானேன் என்று, விடுப்பில் வந்தவனிடமும் அவள் கேட்டதில்லை.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். கல்யாணமான கையோடு இரண்டு மாதம், பிறகு மூன்று விடுப்பு. ஏழு வருடத்தில் இருநூறு நாள்கூட இவர்கள் சேர்ந்து இருந்ததில்லை. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் ஃபஹ்மிதாவின் பெட்டியை இரண்டாம் முறையும் எடை போட்டேன். ஒரு வருடம் முழுக்க ஒன்றாக ஊர் சுற்றப்போகிற இருவர் மேல் எனக்கு வெறுப்பே வந்தது. அது அநியாயம்தான். ஆனால் வந்தது.

4

அலி அஸ்கரை வில்லனாக்கி மூன்று தாள் எழுதினேன்.

ஒன்று: அவனுக்கு அங்கே இன்னொரு குடும்பம் — [மலிவு.]

இரண்டு: அவன் குடித்துவிட்டு — [அவன் சோடாகூடக் குடிக்காதவன் என்று ஊருக்கே தெரியும்.]

மூன்று: மனைவி பக்கத்தில் இல்லாமலே அவனுக்குப் பழகிவிட்டது — [இதை அடிக்க மனம் வரவில்லை. ஃபஹ்மிதா பேசும்வரை வைத்திருந்தேன்.]

ஃபஹ்மிதா தோஹாவிலிருந்து கூப்பிட்டாள். அலி அஸ்கர் வேலை உடுப்போடு அவர்களைப் பார்க்க வந்தானாம். முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டானாம். கவரைத் திறந்து தஸ்லிமாவின் போட்டோவைப் பார்த்ததும் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டானாம்.

"எக்கா, அவர் என்ன சொல்லுதார் தெரியுமா? மூணு வருசத்துக்கு முன்னாலயே விசிட் விசா எடுத்து அனுப்பினாராம். அவளுக்கு அங்கன வர இஷ்டம் இல்லன்னு உம்மா சொல்லிட்டாவளாம். இவரும் ரோஷத்துல அதுக்கப்புறம், லீவுல வந்தப்பகூட, கேக்கவே இல்ல."

"விசாவ யாருக்கு அனுப்பினானாம்?" என்று கேட்டேன்.

"ஒங்க கடை மெயிலுக்குத்தான் எக்கா," என்றாள்.

5

இந்தக் கதையில் ஒரு பாத்திரத்தை நான் இதுவரை ஓரமாகவே நிறுத்திவைத்திருந்தேன். ஆசிரியரைத் திட்டினேன், ஊரைத் திட்டினேன், அலி அஸ்கரைக் கொடுமைக்காரனாக்கப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடைக்காரியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா?

களக்காட்டில் பாதிப் பேருக்கு மெயில் கிடையாது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் வந்தால் என் கடை முகவரியைப் போடுவேன். அதில் டிக்கெட் வரும், விசா வரும், பரீட்சை முடிவு வரும். அச்செடுத்துக் கவரில் போட்டுப் பெயரெழுதி வைப்பேன். வீட்டிலிருந்து பெரியவர் யாராவது வந்து வாங்கிப் போவார். பெண்கள் பெயரில் வருவதை அந்தப் பெண்களே வந்து வாங்கியது குறைவு. ஒருநாளும் அது எனக்கு உறுத்தியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் தஸ்லிமா பெயரில் ஒரு விசா வந்தது. அச்செடுத்தேன். பாத்து மாமி வேறு எதற்கோ நகல் எடுக்க வந்திருந்தார்.

"ஏம்மா, அது எங்க வீட்டுதுதானே. குடு, நான் குடுத்திருதேன்."

கொடுத்துவிட்டேன். கவரில் தஸ்லிமா என்று என் கையாலேயே எழுதி, அதை வேறொருவர் கையில் கொடுத்தேன். அதன்பிறகு தஸ்லிமா எத்தனையோ தடவை என் கடைக்கு வந்திருக்கிறாள். போகவில்லையா என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை, பழுப்புக் கவரோடு வந்து நின்ற அன்றும். கேட்கத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. நமக்கெதுக்கு என்று விட்டுவிட்டேன்.

பாத்து மாமிக்கு ஒரே பையன். கணவர் இறந்தபிறகு இருட்டினால் தனியாக இருக்கப் பயம். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அது உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒருத்தியின் மூன்று வருடத்தைத் தூக்கிக் கொடுக்க அவர் யார், நான் யார்?

6

எழுதியவரைக்கும் அனுப்பியிருந்தேன், ஆசிரியர் நேற்றுக் கூப்பிட்டார். "ஜோடி எங்கேம்மா? ஆறு பக்கத்தில் ஒரு நாட்டுக்குத்தானே போயிருக்கிறார்கள்?"

ஆமாம், ஒன்றுதான். தோஹாவில் இரண்டு நாள் தங்க வேண்டியவர்கள் பதினொரு நாள் தங்கினார்கள். அடுத்த விமானத்தை விட்டார்கள். சல்மான் முதலில் குதித்தானாம், "ஒரு வருசம்தான் லீவு, அடுத்தவன் வீட்டுப் பிரச்சினைய எதுக்கு நம்ம தலையில போடுத" என்று. ஃபஹ்மிதா பையைக் கீழே வைத்துவிட்டு, "நீ போ, நான் பொறவு வாரேன்" என்றாளாம். அவனும் போகவில்லை. மறுநாளிலிருந்து அலி அஸ்கரோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்து, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது சல்மான்தான். அவர்கள் பார்த்த உலகத்தில் இதுவும் சேர்த்திதான் என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

இன்று காலை விசா வந்துவிட்டது, என் கடை மெயிலுக்கே. கூடவே போனில் ஃபஹ்மிதாவின் குரல்: "எக்கா, அவ கையில குடுக்கணும். அவ கையில."

இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். முதலாவதில் தஸ்லிமா விமானத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து — [எனக்குக் குற்றவுணர்ச்சி தீர வேண்டும் என்பதற்காக அவளை நான் விமானத்தில் ஏற்றுவதா?] இரண்டாவதில் அவள் மாமியாரை மன்னித்து, இங்கேயே — [இதைக் கிழித்தேன், அடிக்கவில்லை.]

கவரில் பெயரெழுதிக்கொண்டிருக்கும்போதே பாத்து மாமி படியேறி வந்தார். மகன் காலையில் சொல்லிவிட்டான் போல.

"என்னமோ வந்திருக்காம்லா. குடும்மா, நான் குடுத்திருதேன்."

"அவ பேருல வந்திருக்கு மாமி."

"அவ யாரு, நான் யாரு? ஒரே வீடுதானே."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னிய."

மாமியின் நீட்டிய கை அப்படியே இருந்தது. நான் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு நடந்தேன். அவர் பின்னால் வரும் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை.

தஸ்லிமா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், என் கடையில் நடந்ததையும் சேர்த்து. அவள் கை துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மூணு வருசம் முன்னாலன்னா எப்பம்?"

"புரட்டாசியில."

வெளியே போகையில் மேலே உடுத்தும் பூப்போட்ட துப்பட்டி கொடியில் கிடந்தது, அதைத் தொட்டாள். "அந்தப் புரட்டாசியிலதான் மாமி இத எடுத்துத் தந்தாவ. பெருநாளும் இல்ல, ஒண்ணும் இல்ல, எதுக்கு மாமின்னு கேட்டேன். சும்மாதான்னு சொன்னாவ. மூணு வருசமா இதத்தான் உடுத்திக்கிட்டு உங்க கடைக்கு வந்துக்கிட்டிருக்கேன்."

நான் கவரை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். திறக்கவில்லை. "நீங்க போங்க எக்கா," என்றாள். பாத்து மாமி அப்போதுதான் மூச்சு வாங்க வாசலுக்கு வந்து சேர்ந்தார். நான் அவரைத் தாண்டித் தெருவில் இறங்கினேன்.

7

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். நீங்களும் கை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. போனாளா, இருந்தாளா, அந்த வாசலில் மாமியிடம் என்ன கேட்டாள் என்று தெரிய வேண்டும் உங்களுக்கு. படித்தவர் நீங்கள், உங்களிடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அவளுக்கு வந்ததை ஒருமுறை நான் வேறொருவர் கையில் கொடுத்தேன். இன்னொரு முறை கொடுக்க மாட்டேன். கையை மடக்கிக்கொள்ளுங்கள்.